ஓங்கிய சுத்தியல்

தூத்துக்குடியில் ஒரு பைக் பட்டறை. வருகிறவர்களெல்லாம் புதிதாகச் சேர்ந்த ரெஜினாவையே கேட்கிறார்களே என்று பெரிய மெக்கானிக் ஞானசிகாமணிக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் தன் புது வண்டியையே முதலாளி முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"பிரேக் பிடிச்சா லீவர் விரலை உதைக்குது. பிரேக் டிஸ்க் போல்ட்டைத் தொடாம சரிபண்ணு பாப்போம். முடியலைன்னா, நாளையிலிருந்து நீ வண்டி கழுவினாப் போதும்!"

ரெஜினா சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். டிஸ்க் ஒரு பக்கமாக ஆடியது. போல்ட் தலைகளிலோ ஸ்பேனர் பட்ட புதுக் கீறல்.

"டிஸ்க் வளைஞ்சிருக்குண்ணே, தட்டி நிமித்திடுறேன்" என்று பெரிய சுத்தியலை ஓங்கினாள்.

"ஏ பிள்ள, அடிக்காத! டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அடியில தகரத்துண்டுதான் வெச்சிருக்கேன்!"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"அப்படியா? நான்தான் போல்ட்டைத் தொடக்கூடாதே! வெச்சவுகளே எடுத்துருங்கண்ணே, சரியாப் போயிரும்."

முதலாளி சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்து ஞானசிகாமணி கையில் வைத்தார்.