இரண்டு முன்பக்கம் உள்ள ஓடம்

காட்டு ஏரியில் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. ஏரியின் நடுவே ஒரு மண் திட்டு. திட்டில் ஒரு நாவல் மரம். அதன் பொந்தில் மூன்று அணில் குட்டிகள். தாய் அணிலோ கரையில்! இரை தேட வந்த நேரத்தில், பாலமாகக் கிடந்த மூங்கிலைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்விட்டது. திட்டின் மண் கரையக் கரைய, நாவல் மரம் சாயத் தொடங்கியது.

அணில் கரடியிடமும் குரங்கிடமும் ஓடியது. அவர்களிடம்தான் ஓடம் இருந்தது. கோடை முழுவதும் பாடுபட்டுச் செய்த ஓடம். இலவ மரத்தைக் கரடி நகத்தால் குடைந்தது. குரங்கு கல்லால் தேய்த்து இரண்டு முனைகளையும் ஒரே மாதிரிக் கூராக்கியது. திருப்பவே வேண்டாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். அவ்வளவு அழகான வேலைப்பாடு!

"அண்ணே! என் பிள்ளைங்களைக் காப்பாத்துங்க!"

"இதெல்லாம் ஒரு வேலையா? ஏறு தங்கச்சி!" என்றது கரடி.

"கண் மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாம்!" என்றது குரங்கு.

இருவருக்கும் நல்ல மனசு. அதுதான் கொடுமை.

அணில் நடுவில் உட்கார்ந்தது. கரடி ஒரு முனையில் திட்டைப் பார்த்து உட்கார்ந்தது. குரங்கு மறுமுனையில் கரையைப் பார்த்து உட்கார்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துத் துடுப்புப் போட்டார்கள். ஓடம் இருந்த இடத்திலேயே சுற்றியது.

"குரங்கண்ணே, இந்தப் பக்கம் திரும்புங்க!"

"ஏன் திரும்பணும்? நான் இருக்கிறதுதான் முன்பக்கம். ஓடம் திரும்பட்டும்!"

"கூர் சீவினவன் நீ. குடைஞ்சவன் நான்! என் பக்கம்தான் முன்பக்கம்!" என்று உறுமியது கரடி.

அணிலுக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, கரடியின் காதில் மெல்லச் சொன்னது. "அண்ணே, பின்னால இருக்கிறவர்தான் ஓடத்தைத் திருப்புறவர். முன்னால இருக்கிறவர் மேல தண்ணிதான் தெறிக்கும். பெரியவர் நீங்க, பின்னாலயே இருங்களேன்."

கரடிக்கு அது பிடித்துப்போனது. சட்டென்று திரும்பி உட்கார்ந்தது. ஆனால் குரங்கின் காது லேசுப்பட்டதா? அதுவும் திரும்பி உட்கார்ந்தது! இப்போது இருவரும் முகத்துக்கு முகம்.

"நான்தான் பின்னால!"

"நான்தான்டா பின்னால!"

துடுப்புகள் மறுபடி தண்ணீரில் விழுந்தன. ஓடம் இப்போது மறுபக்கமாகச் சுற்றியது.

அணில் தலையில் அடித்துக்கொண்டது. "ஐயோ! முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம்! திட்டு அங்கே இருக்கு! அதைப் பாருங்களேன்!"

"நீ சும்மா இரு தங்கச்சி! இது எங்க ரெண்டு பேர் விஷயம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

திட்டில் மடமடவென்று வேர் முறியும் சத்தம். "அம்மா!" என்று குட்டிகள் அலறின.

அப்போது மிதந்து வந்த ஒரு பாக்குமட்டை ஓடத்தில் இடித்தது. அணில் யோசிக்கவே இல்லை. மட்டையில் குதித்துவிட்டது. வாலையே துடுப்பாக்கித் தள்ளியது. தண்ணீர் உள்ளே ஏறியது. அதை இறைத்தது. மறுபடி தள்ளியது. கண் மட்டும் நாவல் மரத்தை விட்டு அகலவில்லை.

மட்டை திட்டை எட்டியதும், மூன்று குட்டிகளும் அதில் குதித்தன. அவை கொஞ்ச தூரம் வருவதற்குள், பின்னால் மரம் பெரும் சத்தத்தோடு தண்ணீரில் சாய்ந்தது.

திரும்பும் வழியில், கரையோரம் அந்த ஓடம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே கூச்சலும் குறையவில்லை.

"அம்மா, கரடி மாமாவும் குரங்கு மாமாவும் எங்கே போறாங்க?" என்று கேட்டது கடைக்குட்டி.

அணில் பெருமூச்சு விட்டது. "உங்களைக் காப்பாத்தத்தான் போறாங்கடா!"

பெரியவர் யார் என்று பார்க்கிறவர்கள் நின்ற இடத்திலேயே சுற்றுவார்கள். போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறவர்களே போய்ச் சேருவார்கள்.