சுகம் என்று சொன்ன ஆடு

நாணல் ஏரிக்கரையில் சாம்பி என்ற ஆடும் காற்றரசி என்ற குதிரையும் ஒரே கொட்டிலில் வாழ்ந்தன. காற்றரசி என்ற பெயர் குதிரை தானாக வைத்துக்கொண்டதல்ல. நரி வைத்தது. ஓடுகிற குதிரைக்குப் பெயர் பெரிதாக இருந்தால்தான் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு உற்சாகம் பிறக்குமாம்!

அந்தக் காட்டுக்கு ராஜா சிங்கம். வயிறு நிறைந்த பிறகு அதற்குப் பொழுதே போகவில்லை. கொட்டாவி விட்டு விட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "மகாராஜா, குதிரைகளை ஓடவிட்டுப் பார்த்தால் என்ன?" என்று நரிதான் யோசனை சொன்னது. அன்றிலிருந்து மாதம் ஒரு பந்தய நாள். ஏரியைச் சுற்றி மூன்று சுற்று. ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் ஒரு குரங்கு. குரங்கின் கையில் ஒரு புளிய விளார். கரையில் கூடிய மிருகங்கள் எல்லாம் தொண்டை கிழியக் கத்தும். ஓடுகிற குதிரைகள் மட்டும் கத்தாது. அவற்றுக்கு மூச்சுவிடவே நேரம் போதாது.

குதிரை பயந்த சுபாவம் உடையது. தனியாகக் கட்டிப்போட்டால் உதைக்கும், தண்ணீர் குடிக்காது, நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டும். பக்கத்தில் ஓர் ஆடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தால் போதும், அடங்கிவிடும். நரிக்கு இது தெரியும். அதனால் ஒவ்வொரு குதிரைக்கும் துணையாக ஓர் ஆட்டைப் பிடித்து வந்து வைத்திருந்தது.

சாம்பிக்கு அது கிடைத்தற்கரிய இடம். கொட்டில்களையும் ஓட்டத் தடத்தையும் சேர்த்துச் சுற்றி யானை உயரத்துக்கு முள்வேலி. வேலிக்கு வெளியே ஓநாய்கள். சாம்பியின் மந்தையில் முன்பு பதினாறு ஆடுகள் இருந்தன. இப்போது மிச்சம் சாம்பி மட்டும்தான். வேலிக்குள்ளே வேளாவேளைக்கு ஊறவைத்த கொள்ளு வரும். எலிகள் எங்கோ வயலில் திருடிக் கொண்டுவந்து சேர்க்கிற கொள்ளு. திருட்டுக் கொள்ளானால் என்ன, சாம்பி அதைத் தின்று கொழுகொழுவென்று இருந்தது.

இதற்குப் பதிலாக சாம்பி செய்ய வேண்டிய வேலை இரண்டே இரண்டு. ஒன்று, குதிரையின் பக்கத்தில் படுத்து அசை போடுவது. இன்னொன்று, பந்தய நாள் காலையில் ஒரு வார்த்தை சொல்வது.

அது என்ன வார்த்தை என்கிறீர்களா? பந்தய நாள் காலையில் கரடி வைத்தியர் கொட்டில் கொட்டிலாக வருவார். குதிரையைத் தொட்டுப் பார்க்க மாட்டார். ஆட்டைத்தான் கேட்பார்: "உன் குதிரை சுகமா?" ஆடு "சுகம்" என்றால் குதிரை ஓட வேண்டும். "சுகமில்லை" என்றால் ஓட வேண்டியதில்லை. குதிரையை யாரும் கேட்பதில்லை. ஓடுகிறவன் பேச்சு செல்லாது என்று நரி சட்டம் போட்டிருந்தது. குதிரையைக் கேட்டால் சோம்பலில் ஏதாவது சாக்குச் சொல்லும், கூடவே கிடக்கிற ஆட்டுக்குத்தான் உண்மை தெரியும் என்பது நரியின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது!

அந்த வருஷம் கோடை நீண்டுகொண்டே போனது. ஏரி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. குதிரைகள் ஓடும் தடம் வெடித்துக் காய்ந்து கல்லாய்க் கிடந்தது. அதிலேயே நரி தினமும் பழக்க ஓட்டம் விட்டது.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை. ஓட்டம் முடிந்து வந்த காற்றரசி கொள்ளில் வாயே வைக்கவில்லை. வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது.

"என்னக்கா? ஏன் சாப்பிடல?" என்று கேட்டது சாம்பி.

"கால் வலிக்குது சாம்பி. உள்ளுக்குள்ள ஏதோ விரிசல் விட்ட மாதிரி இருக்கு. மிதிச்சா கண்ணு இருட்டிட்டு வருது."

சாம்பி மூக்கை வைத்துப் பார்த்தது. குளம்புக்கு மேலே கால் வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

"அந்தக் குரங்குகிட்ட சொன்னியாக்கா?"

"சொன்னேன். ரெண்டு அடி சேர்த்து வெச்சான். நாளைக்கு வைத்தியர் வந்து உன்னைத்தானே கேப்பாரு! நீ சொல்லிடு சாம்பி. பத்து நாள் படுத்தா சரியாப் போயிரும்."

"கட்டாயம் சொல்றேன்க்கா! நீ கவலைப்படாம நில்லு" என்றது சாம்பி. அப்போது அது மனதாரச் சொன்னதுதான். பொய் இல்லை.

காற்றரசிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒரு வாய்க் கொள்ளு தின்றது. தலையைத் தொங்கப் போட்டு, சாம்பியின் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

பொழுது விடிந்ததும், கரடி வருவதற்கு முன்பே நரி வந்து நின்றது. நரியின் கண் குதிரையின் காலுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சாம்பியைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன சாம்பி, நல்லா சதை போட்டுட்டியே! கொள்ளு எல்லாம் ஒழுங்கா வருதா?"

"வருதுங்க."

"இன்னைக்கு மகாராஜா காற்றரசியைப் பார்க்கத்தான் வர்றாரு. அவ ஓடலேன்னா அவளுக்குக் கொட்டில் எதுக்கு? கொட்டிலே இல்லேன்னா ஆடு எதுக்கு? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ விவரம் தெரிஞ்ச ஆடு!"

நரி போய்விட்டது. சாம்பி முள்வேலியைப் பார்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாணல் அசைந்தது. அது காற்றுதானா என்று சாம்பிக்குத் தெரியவில்லை. "ஒரே ஒரு ஓட்டம்தானே. மூன்று சுற்று. அக்கா பலசாலி. முடிந்ததும் நானே பக்கத்தில் படுத்துக் காலை நக்கிக் கொடுக்கிறேன்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. பயந்தவர்களுக்குச் சமாதானம் எப்போதும் சுலபமாகக் கிடைத்துவிடும்.

கரடி வைத்தியர் வந்தார். "உன் குதிரை சுகமா?"

சாம்பி தரையைப் பார்த்தது. "சுகம்!" என்றது.

காற்றரசி திடுக்கிட்டுத் திரும்பியது. "சாம்பி! என்னடி சொல்றே? வைத்தியரே, எனக்குக் கால் வலிக்குது! இதோ பாருங்க, வீங்கியிருக்கு!"

"ஓடுறவன் பேச்சு செல்லாதும்மா. சட்டம்" என்று சொல்லிக்கொண்டே கரடி அடுத்த கொட்டிலுக்கு நடந்தார்.

காற்றரசி நொண்டிக்கொண்டே தடத்துக்கு நடந்தது. சாம்பியைத் திட்டியிருந்தாலாவது சாம்பிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கரை முழுக்கக் கூட்டம். மான்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தன. முயல்கள் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தன. சிங்கம் பாறை மேல் சாய்ந்திருந்தது. காகம் "கா!" என்று கத்தியதும் எட்டுக் குதிரைகள் பாய்ந்தன.

முதல் சுற்றில் காற்றரசி கடைசி. "காற்றரசி! என்ன இது? ஓடு!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. குரங்கின் விளார் சடசடவென்று இறங்கியது. இரண்டாம் சுற்றில் அது மூன்று குதிரைகளைத் தாண்டியது. கூட்டம் எழுந்து நின்று குதித்தது. தடத்தின் ஓரத்தில் நின்ற சாம்பிக்கு மட்டும் தெரிந்தது, காற்றரசி காலை எப்படி வைக்கிறது என்று. "போதும்க்கா, நின்னுடு!" என்று கத்தியது. அந்த ஆரவாரத்தில் ஓர் ஆட்டின் குரல் யார் காதில் விழும்?

மூன்றாம் சுற்றில் காற்றரசி முதலிடத்துக்கு வந்துவிட்டது. சிங்கமே எழுந்து உட்கார்ந்தது. அப்போது காய்ந்த மரக்கிளை ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. காற்றரசி முகம் குப்புற விழுந்தது. குரங்கு உருண்டுபோய்ப் புல்லில் விழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தது. காற்றரசியும் எழுந்திருக்கப் பார்த்தது. அதன் வலது கால் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் கப்சிப் என்று அடங்கிவிட்டது. ஒரு முயல் குட்டி வீறிட்டு அழுதது.

உடனே நான்கு காட்டுப்பன்றிகள் நாணல் தட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. குதிரையைச் சுற்றி நான்கு பக்கமும் மறைத்துப் பிடித்தன. அந்தத் தட்டிகளை நரி எப்போதோ முடைந்து தயாராக வைத்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இதையெல்லாம் பார்க்கக் கூடாதல்லவா!

சாம்பி பன்றியின் காலுக்கு இடையில் புகுந்து தட்டிக்குள் போனது. காற்றரசி மண்ணில் கிடந்தது. வாயில் நுரை.

"அக்கா! என்னை மன்னிச்சிடுக்கா! பயந்துட்டேன்க்கா!"

"தெரியும் சாம்பி" என்றது காற்றரசி. "நீ சொல்லிடுவேன்னு நெனச்சுத்தான் நான் நேத்து நல்லா தூங்கினேன்."

தட்டியின் ஒரு பக்கம் விலகியது. கழுதைப்புலி உள்ளே வந்தது. ஓட முடியாத குதிரை அதற்குத்தான் என்பது ஏற்பாடு. பன்றி ஒன்று சாம்பியின் கொம்பைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டது. அதற்குப் பிறகு தட்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைச் சாம்பி கேட்டது. காதை மூடிக்கொள்ள ஆட்டுக்குக் கை இல்லை.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "இது என்ன கொடுமை! குழந்தைகள் முன்னாடியா?" என்று ஒரு தாய்மான் சத்தம் போட்டது. "நொண்டுற குதிரையை யார் ஓடவிட்டது?" என்று இன்னொரு குரல் வந்தது. மாதாமாதம் தவறாமல் வந்து கத்துகிறவர்கள்தான் அவர்கள் எல்லாரும். ஆனாலும் அன்றைக்குக் கண் கலங்கியது உண்மை.

சிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "இதற்கு யார் பொறுப்பு? எனக்கு இப்போதே தெரிய வேண்டும்!" என்று கர்ஜித்தது.

"என்னை அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன்" என்றது குரங்கு.

"நான் முறைப்படி கேட்டேன் மகாராஜா. சுகம்னு பதில் வந்தது" என்றார் கரடி வைத்தியர்.

நரி மெல்ல முன்னால் வந்தது. அதன் முகத்தில்தான் எத்தனை சோகம்! "மகாராஜா, கூடவே படுத்து, கூடவே தின்ற ஆடு இது. கால் வீங்கியது இதற்குத் தெரியும். தெரிந்தும் சுகம் என்று பொய் சொல்லிவிட்டது. பாவம், அந்தக் குதிரையைக் கொன்றது இந்த ஆடுதான்!"

"ஐயோ, இல்லீங்க!" என்று சாம்பி பதறியது. "நரியும் பார்த்துச்சு! காலையில வந்து நின்னு பார்த்துச்சு!"

"நீ சுகம்னு சொன்னியா இல்லையா?" என்று கேட்டது சிங்கம்.

"சொன்னேங்க" என்று சாம்பி தலையைக் குனிந்தது.

"துரோகி!" என்று கத்தியது தாய்மான். "துரோகி! துரோகி!" என்று கரை முழுக்கக் கத்தியது. அழுதுகொண்டிருந்தவர்களுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

"இந்த ஆட்டை வேலிக்கு வெளியே தள்ளுங்கள்! நியாயம் வழங்கியாகிவிட்டது. அடுத்த பந்தயம் நடக்கட்டும்!" என்றது சிங்கம். கூட்டம் ஆரவாரித்தது. மான்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் குட்டிகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டன.

சாம்பியை வேலிக் கதவு வரைக்கும் நரியே கூட்டிப்போனது. வழியில் சாம்பி அழுதுகொண்டே கேட்டது: "உங்களுக்கும் தெரியுமே! நீங்கதானே என்னை மிரட்டினீங்க! எல்லாத்துக்கும் நான் மட்டும் எப்படிங்க காரணம்?"

நரி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "குதிரையைப் பார்த்தா யாருக்குமே தெரியுமே சாம்பி, அதுக்கு வலிக்குதா இல்லையான்னு! ஆட்டைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா? இந்த மாதிரி ஒரு நாள் வந்தா, கூட்டத்துக்குக் காட்ட ஒரு முகம் வேணும். அதுக்குத்தான் உன்னைக் கேட்டது. வேற எதுக்கு உனக்கு வருஷம் பூரா கொள்ளு போட்டேன்னு நெனச்சே?"

கதவு திறந்தது. சாம்பி வெளியே தள்ளப்பட்டது. கதவு மூடியது.

வேலிக்கு உள்ளே காகம் "கா!" என்று கத்தியது. குளம்புச் சத்தம் எழுந்தது. கூட்டம் மறுபடியும் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கியது. அந்த ஏழு குதிரைகளில் எத்தனைக்குக் கால் வலித்ததோ, அவற்றின் ஆடுகளுக்குத்தான் தெரியும். "சொல்லிடுங்க! உண்மையைச் சொல்லிடுங்க!" என்று சாம்பி வேலியில் முட்டி முட்டிக் கத்தியது. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. வெளியே, நாணலுக்குள் இருந்த ஓநாய்களுக்குத்தான் கேட்டது.

ஊரார் வேடிக்கைக்காக ஓர் உயிர் வதைபடுவது தெரிந்தும், தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதை மறைப்பவர், வதைத்தவர்களின் பழியையும் சேர்த்துத் தாமே சுமக்க நேரும்.