குங்குமப்பூவுக்கு மேல் தட்டு

முன்னொரு காலத்தில் நெல்வாய்புரியைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். ஒருநாள் பாயசத்தில் கிடந்த வெந்தயம் ஒன்று பல்லில் அகப்பட்டது. அவ்வளவுதான், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

மடைப்பள்ளித் தலைவி வடிவாம்பாள் கரண்டியும் கையுமாக ஓடிவந்து நின்றாள்.

இந்தச் சமயத்துக்குத்தான் சிங்கராயர் காத்திருந்தார். சபையில் யாருக்கு எந்த ஆசனம் என்று தீர்மானிப்பது அவர் உத்தியோகம். மடைப்பள்ளியைத் தன் மைத்துனன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"எல்லாம் இவளுடைய அஞ்சறைப் பெட்டியால் வந்த வினை, பிரபு! கடுகும் சீரகமும் வெந்தயமும் ஒரே வட்டத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மட்டு மரியாதை வேண்டாமா? நான் ஓர் அலமாரி செய்து தருகிறேன், என் மைத்துனன் அதை வைத்துச் சமைப்பான்."

"செய்யும். அது நன்றாக இருந்தால், உம் ஆளே சமைக்கட்டும். இவள் வீட்டுக்குப் போகட்டும்" என்றார் ராஜா.

பத்தே நாளில் அலமாரி வந்தது. சந்தன மரம், அறுபத்துநாலு இழுப்பறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிப் பூட்டு. உச்சியில் குங்குமப்பூ, அதற்குக் கீழே ஏலம், கிராம்பு, ஜாதிக்காய். கடுகு, மிளகாய், சீரகமெல்லாம் தரையை ஒட்டிய அடித்தட்டில். ராஜா சொக்கிப்போனார்.

வடிவாம்பாள் அதை ஒரு பார்வை பார்த்தாள். அழுகை வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது. அதை முழுங்கிக்கொண்டு கைகூப்பினாள்.

"மகாராஜா, இத்தனை அழகை என் எண்ணெய்க் கையால் தொடலாமா? ராயரே முதல் தாளிப்பைத் தாளிக்கணும். தாங்களும் பக்கத்தில் நின்று பார்க்கணும்."

"இதென்ன மலையைப் புரட்டுகிற வேலையா?" என்று மீசையை முறுக்கியபடி, சாவிக்கொத்தோடு ராயர் அடுப்பருகே வந்தார். ரசத்துக்கு நெய் காய்ந்தது.

"கடுகு, சுவாமி!"

ராயர் குனிந்து, பூட்டைத் திறந்து, கடுகைப் போட்டார். அது படபடவென்று வெடித்தது.

"மிளகாய்!"

ராயர் மறுபடி குனிந்தார். தலைப்பாகை நழுவிக் கண்ணை மறைத்தது. மிளகாய் வந்து விழுவதற்குள் கடுகு கரியாகிவிட்டது.

"சீரகம், சுவாமி, சீரகம்!"

"எந்தச் சாவியடி அம்மா?"

அறுபத்துநாலு சாவியும் குலுங்க, வாணலியில் மிளகாய் கருகியது. நெடி கிளம்பியது பாருங்கள்! ராயர் தும்ம, காவலர் தும்ம, ராஜா தும்மிய தும்மலில் கிரீடம் தண்ணீர் அண்டாவில் விழுந்தது.

வடிவாம்பாள் வேறு வாணலியை ஏற்றினாள். அஞ்சறைப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். கண் நெய்யில், விரல் பெட்டியில். கடுகு, மிளகாய், சீரகம் என்று நொடியில் எல்லாம் விழுந்து மணம் கமகமத்தது.

"காய்ந்த நெய் யாருக்கும் காத்திருக்காது, மகாராஜா. இங்கே கூப்பிட்டதும் வருகிறவனுக்குத்தான் முதல் ஆசனம்."

"அப்படியானால் பாயசத்தில் வெந்தயம்?"

"அது என் தப்பு. பெட்டி பக்கத்திலேயே பாயசத்தை வைத்துவிட்டேன்."

ராஜா மூன்று கிண்ணம் ரசம் குடித்துவிட்டுத்தான் பேசினார். "வடிவாம்பா, இனி உன்னை இங்கிருந்து யாரும் அசைக்க முடியாது. அந்த வெள்ளிப் பூட்டுகளை உருக்கி உனக்குப் புது அஞ்சறைப் பெட்டி செய்யச் சொல்கிறேன். ராயரே, உமக்கு இன்றுமுதல் குங்குமப்பூவின் இடம்."

ராயர் முகம் மலர்ந்தது. "உச்சித் தட்டா, பிரபு?"

"உச்சித் தட்டேதான். பாயசம் வைக்கிற அன்றைக்குக் கூப்பிட்டு அனுப்புகிறேன், அதுவரை வீட்டில் இரும்."

"பாயசம் என்றைக்கு, பிரபு?"

ராஜா பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அந்த வெந்தயம் மறந்த பிறகு!"