காதுக்குள் போன கரண்டி

பாளையங்கோட்டையில் சற்குணம் சார் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கதை விளையாட்டு நடக்கும். சார் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டுவார்கள்; ஆறு விழுந்தால் நினைத்தது நடக்கும். மேசையில் ஒருமுறை சொன்னதை சாரே நினைத்தாலும் மாற்ற முடியாது. அது அங்கே சட்டம்.

புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவுக்குச் சமையல்காரி வேடம்தான் மிஞ்சியது. ஆனாலும் அவளுக்கு வாரம் முழுக்க அந்த ஞாயிறு நினைப்புத்தான்.

ஒரு ஞாயிறு கதையில் மலையளவு அரக்கன் ஒருவன் வந்தான். வந்தவன் லைட் கம்பம் மாதிரி நின்றான். வீரர்கள் மாறி மாறி அவன் கால் கட்டைவிரலை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் கொட்டாவி வந்தது.

சார் மீசையைத் தடவினார். "இவன் ஓங்கி ஒரு அடி அடிச்சாம்னா மலையே தூளாயிரும்! என்னம்மா சமையல்காரி, இந்தச் சுத்துல இவனைச் சாய்க்கலைன்னா நீ செத்த. அடுத்த வாரம் வர வேண்டாம்."

"நான் வெட்டல சார், ஏறுதேன்," என்று ஜெசிந்தா பகடையை உருட்டினாள். ஆறு விழுந்தது. "தோளுக்கு வந்தாச்சு. காதுக்குள்ள கரண்டியை விட்டுக் குடையுதேன். என்ன செய்வான்?"

"என்ன செய்வான்? கொசுவை அடிக்கிற மாதிரி ஓங்கி ஒண்ணு போடுவான்!"

ஜெசிந்தா மறுபடி பகடையை உருட்டினாள். மறுபடியும் ஆறு.

"நான் முடியைப் பிடிச்சு இறங்கிட்டேன் சார். அடி யாரு மண்டையில?"

மேசையில் சொன்னது சொன்னதுதான். மலையைத் தூளாக்கும் அடியில் அரக்கன் சாய்ந்தான். கைதட்டலில் மாடியே அதிர்ந்தது.

அடுத்த ஞாயிறு புது அரக்கனோடு வந்த சார், உட்காரும் முன்பே அறிவித்தார்: "இவனுக்குக் காதே கிடையாது."

"சரி சார்," என்றாள் ஜெசிந்தா. "மூக்கு?"