பூட்டானுக்குப் புறப்பட்ட கட்டுச்சோறு

தாராபுரத்துக்குக் கிழக்கே வெள்ளெருக்கம்பாளையம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் யாரும் யாரையும் முட்டாள் என்று திட்டியது கிடையாது. திட்டுகிற அளவுக்கு விவரம் தெரிந்தவர் யாரும் அங்கே பிறக்கவில்லை.

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்கு ஒரே மகள், கோகிலவாணி. அவளைக் கட்டிய மாப்பிள்ளை செந்தூரனுக்குப் பூட்டான் தேசத்தில் ஓர் அணைக்கட்டு வேலையில் கிரேன் ஓட்டுகிற உத்தியோகம். அங்கே மகள் முழுகாமல் இருந்தாள். துணைக்கென்று நாச்சிமுத்துவின் மனைவி பாவாத்தாளும் விமானமேறிப் போய்விட்டாள். ஏழாம் மாதம் பிறந்ததும் கோகிலவாணி போனில் அழுதாள்.

"எனக்குக் கட்டுச்சோறு விருந்து இல்லையாப்பா? நம்மூட்டுப் புளிச்சோறு திங்கோணும் போல இருக்குது."

பெற்ற வீட்டில் ஆக்கி, மூட்டை கட்டி, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொண்டுபோகிற சோறு அது. நாச்சிமுத்து உடனே, "அப்பன் கொண்டாறேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பாவாத்தாள் போனை வாங்கி இரண்டு விஷயம் சொன்னாள்.

"வழியில நல்ல இடமாப் பாத்து நிறுத்தி நிறுத்தி வாங்க. பார்டரைத் தாண்டுனதும் மறக்காம போனைப் போடுங்க."

நாச்சிமுத்து தன் கூட்டாளிகள் மூவரையும் கூப்பிட்டார். குப்பண்ணன் சொந்தமாக வேன் வைத்திருப்பவர், ஆள் நல்ல பருமன். சடையப்பன் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். பொன்னுரங்கம் ஒரு தடவை ஊட்டிக்குப் போய் வந்தவர். அதனால் உலகம் தெரிந்தவர்.

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சுவர் அகலத்துக்கு ஒரு மேப்பைக் கொடுத்து, "ஒரு விரக்கடைக்கு நூறு கிலோமீட்டர், அளந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சடையப்பன் தன் விரல் அகலத்தை வைத்து அளந்தார். முப்பத்தி மூன்று விரக்கடை வந்தது. குப்பண்ணன் தன் விரலை வைத்து அளந்தார். இருபத்தி நாலுதான் வந்தது. நால்வரும் திகைத்துப் போனார்கள்.

"குப்பண்ணன் போனா கிட்டக்க இருக்குது, சடையப்பன் போனா தூரமாப் போயிருதுங்களே" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப வண்டியக் குப்பண்ணனே ஓட்டட்டும். சடையப்பன் ஸ்டீயரிங்கைத் தொட்டாப் போச்சு, டீசல் கட்டாது" என்றார் பொன்னுரங்கம். சடையப்பனுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நியாயம் என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த சிக்கல் பார்டர். மேப்பில் சிவப்பாகப் பட்டையாக ஒரு கோடு போட்டிருந்தது. குப்பண்ணன் அதிலும் விரலை வைத்தார். கால் விரக்கடை.

"இருபத்தஞ்சு கிலோமீட்டருங்க!"

"இதைத் தாண்டோணுமா?"

"தாண்டச் சொல்லித்தான பாவாத்தாக்கா சொல்லியிருக்குது."

இருபத்தைந்து கிலோமீட்டரை ஒரே தாண்டாகத் தாண்டுவது வயசான காலத்தில் ஆகிற காரியமா? ஆனால் மகள் அழுத அழுகை நாச்சிமுத்துவின் காதிலேயே நின்றது. மறுநாள் காலை வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, முதலில் வாய்க்காலைத் தாண்டிப் பழகலாம் என்று ஓடிவந்து எகிறினார். நடு வாய்க்காலில் விழுந்தார். அடுத்த நாளும் அதே இடத்தில்தான் விழுந்தார்.

"முன்னேற்றம் இல்லீங்கண்ணா" என்றார் கரையில் நின்ற பொன்னுரங்கம்.

சடையப்பனுக்குத்தான் யோசனை உதித்தது. "இந்த மேப்புல பார்டரைத் தடிப்பாப் போட்டுட்டான். மெல்லிசாப் போட்ட மேப்பு வாங்குனா ஈஸியாத் தாண்டிரலாமுங்க."

தாராபுரத்துப் புத்தகக்கடையில் போய், "பார்டர் மெல்லிசா இருக்கற மேப்பு குடுங்க" என்று கேட்டார்கள். கடைக்காரர் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் வைக்கிற சின்ன டைரி ஒன்றைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேப். பார்டர் தலைமுடி மாதிரி இருந்தது. குப்பண்ணன் கடைவாசலிலேயே விரலை வைத்து அளந்தார். வெள்ளெருக்கம்பாளையத்துக்கும் பூட்டானுக்கும் நடுவே இரண்டரை விரக்கடைதான்.

நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "இருநூத்தம்பது கிலோமீட்டருங்க! காலைல கிளம்புனா சாயங்காலம் எம்புள்ள கையில சோறு. கெட்டே போகாது!"

பங்காளி வீட்டுப் பெண்கள் விடிவதற்குள் எழுந்து புளிச்சோறும் எள்ளுச்சோறும் தேங்காய்ச்சோறும் ஆக்கி, வெள்ளை வேட்டியில் மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். நாச்சிமுத்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். வடக்கே போகிற ரோட்டைக் கேட்டுக் கேட்டு வேன் கிளம்பியது.

ஊர் எல்லை தாண்டியதுமே வாக்குவாதம்.

"நல்ல இடமாப் பாத்து நிறுத்தச் சொன்னாங்களே, நல்ல இடம்னா எதுங்க?" என்று கேட்டார் குப்பண்ணன்.

"தண்ணி வசதி இருக்கோணும், ரோட்டு மேல இருக்கோணும்" என்றார் சடையப்பன்.

"என்ற பையனுக்குப் பொண்ணு பாக்கறமே, அதுதானுங்க நல்ல இடம். ஒரே புள்ள, தோட்டம் துரவு, அடக்கமான குடும்பம்" என்றார் பொன்னுரங்கம்.

ஆகவே சடையப்பனுக்காகக் கோபிக்கு முன்னால் இறங்கி, விலைக்கு வந்த ஒரு காட்டு நிலத்தை நாலு மூலையும் நடந்து பார்த்தார்கள். பொன்னுரங்கத்துக்காக ஒரு மாடிவீட்டில் நிறுத்திப் பெண் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரு நாய்தான். அது கொஞ்சமும் அடக்கமான குடும்பம் இல்லை.

திம்பம் மலை ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில், 'இங்கே நின்று ரசிக்கவும்' என்று பலகை இருந்தது. நின்றார்கள். கீழே சத்தியமங்கலத்துக் காடும் அதற்கப்பால் சமவெளியும் விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடந்தன. நாச்சிமுத்து ரசித்து முடித்துவிட்டார். கால் வலித்தது.

"உக்காரலாமுங்களா?"

"நின்னுதான் ரசிக்கோணும்னு போட்டிருக்குதுங்க."

"அப்ப போலாமுங்களா?"

"போகவும்னு எங்க போட்டிருக்குது?"

பின்னால் வந்த வண்டிகளெல்லாம் நின்று, பார்த்து, போயின. இவர்கள் மட்டும் வரிசையாக நின்றார்கள். நாச்சிமுத்துவுக்குச் சோறு நினைப்பு. மூட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்தார். கடைசியில் வனக்காவலர் ஒருவர் வந்து, "யானை வர்ற இடம், கிளம்புங்கய்யா!" என்று அதட்டினார். அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

மலைமேல் கர்நாடக எல்லை வந்தது. புரியாத எழுத்தில் பலகை, பக்கத்தில் செக்போஸ்ட்.

"பார்டருங்க!" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

நாச்சிமுத்து மூட்டையோடு இறங்கி, சாமியை வேண்டிக்கொண்டு, ஓடிவந்து ஒரே தாண்டு தாண்டினார். விழவில்லை! சடையப்பனும் பொன்னுரங்கமும் தாண்டினார்கள். வேன்தான் எப்படித் தாண்டும் என்று கவலைப்பட்டபோது அங்கே ஒரு வேகத்தடை இருந்தது. குப்பண்ணன் மிதித்த மிதியில் வேனும் ஒரு எகிறு எகிறித் தாண்டிவிட்டது. செக்போஸ்ட்காரர் எழுந்து நின்று பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"போனைப் போடோணுமே" என்று நினைவுபடுத்தினார் சடையப்பன். நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ரோட்டில் போட்டார். கண்ணாடி விரிசல் விட்டது.

"போட்டாச்சு. எடுக்கலாமுங்களா?"

"எடுக்கச் சொல்லலியே."

போகமுடியாமல் நின்றார்கள். நல்லகாலம், போன் தானாக மணியடித்தது. "போன் அடிச்சா எடுக்கோணுமுங்க!" என்று பொன்னுரங்கம் தீர்ப்புச் சொல்ல, நாச்சிமுத்து குனிந்து எடுத்தார். அது ஏதோ கம்பெனி விளம்பரம்.

அப்புறம் எங்கெங்கோ திரும்பி, வழி தவறி, வேனின் மீட்டர் இரண்டரை விரக்கடையைக் காட்டிய இடத்தில் குப்பண்ணன் பிரேக் போட்டார். கொள்ளேகாலுக்குப் பக்கத்தில், திபெத்திலிருந்து வந்தவர்கள் வெகுகாலமாகக் குடியிருக்கிற ஊர் அது. மலைக்காற்றில் கலர் கலராகக் கொடித் தோரணம். கருஞ்சிவப்பு அங்கி போட்ட மொட்டைத்தலைத் துறவிகள். நடுவில் பெரிய கொடிமரம்.

நாச்சிமுத்து போனை எடுத்தார். "கண்ணு, அப்பன் வந்துட்டேன்!"

"அதுக்குள்ளயாப்பா?" என்று அந்தப் பக்கம் மகள் கூவினாள். "சோறு கெட்டுப் போகலையே?"

"நல்லா மணக்குது கண்ணு!"

மாப்பிள்ளை போனை வாங்கினார். "எங்க நிக்கறீங்க மாமா?"

"பெரிய கொடிமரத்துக்கு அடியில. கலர்க்கொடி கட்டியிருக்குது, மொட்டைச் சாமிங்க சுத்தி வர்றாங்க."

"அட, நம்மூட்டுக்கு எதுக்கால இருக்கற கொடிமரந்தானுங்க! இதா வந்தர்றேன்."

மாப்பிள்ளை பூட்டானில் வேலை பார்த்தாலும் பிறந்தது வெள்ளெருக்கம்பாளையம்தான். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மூச்சு வாங்கியது. "மாமா, நானும் கொடிமரத்துக்கு அடியிலதான் நிக்கறேன். உங்களைக் காணமே?"

"நாங்களும் இங்கயேதான் நிக்கறமுங்க மாப்ளே!"

"கொடிமரம் மறைக்குதுங்க. மாப்ள அந்தப்பக்கம் நிக்கறாரு" என்றார் சடையப்பன். நாச்சிமுத்து சுற்றி ஓடினார். ஆளைக் காணோம்.

"மாப்ளே, நீங்க சுத்தறீங்களா?"

"ஆமாங்க மாமா, உங்களைத் தேடித்தான் சுத்தறேன்."

"அதான் கண்ணுல ஆப்படலை! நீங்க நில்லுங்க, நான் சுத்தறேன்."

மாப்பிள்ளை நின்றார். நாச்சிமுத்து சுற்றினார். பிறகு நாச்சிமுத்து நின்றார், மாப்பிள்ளை சுற்றினார். சோற்று மூட்டையோடு ஒருவர் இப்படிப் பக்தியாகச் சுற்றுவதைப் பார்த்து நாலைந்து துறவிகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். வெயில் சாய ஆரம்பித்தது. அந்தப் பக்கம் பாவாத்தாள் இலை போட்டாயிற்று என்று சத்தம் போடுவது போனில் கேட்டது.

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. மூட்டையைச் சடையப்பனிடம் கொடுத்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கொடிமரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார்.

"மாப்ளே! நீங்களும் கட்டிப்புடிச்சு இந்தப் பக்கமா கையை நீட்டுங்க!"

மரத்துக்கு அந்தப்பக்கமிருந்து சுருக்கம் விழுந்த ஒரு கை வந்து அவர் கையைப் பிரியமாகப் பற்றியது. ஆசீர்வாதம் செய்ய வந்த ஒரு கிழத் துறவியின் கை அது.

"கிடைச்சுருச்சு மாப்ளே, கை கிடைச்சுருச்சு!" என்று ஆனந்தக் கண்ணீரோடு கத்தினார் நாச்சிமுத்து. "உட்றாதீங்க!"

"எனக்கும் ஒரு கை கிடைச்சுருச்சுங்க மாமா!" என்று போனில் மாப்பிள்ளையும் கத்தினார். "உடமாட்டேன், நீங்க பயப்படாதீங்க!"