மயிரிழை நுழையாத மூடி

"உன் மூடியெல்லாம் ஆடுதே, இசக்கி."

ஆவுடையப்பன் சிமிழைக் காதோரம் வைத்து ஆட்டினார். மூடி லொடலொடவென்றது.

இசக்கி லேத்தை நிறுத்தவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு. அதற்குள் ஒரு லேத்து, ஒரு தொட்டில், தொட்டிலில் அவள் பிள்ளை. மரத்தை உருட்டிக் கடைந்து, உள்ளே குடைந்து, சிமிழும் செப்பும் செய்கிறவள். வயது இருபத்தெட்டு.

அவளிடம் தொழில் படிக்க வந்த ஆவுடையப்பனுக்கு அறுபது. முப்பத்திநாலு வருஷம் ஃபேக்டரியில் இரும்பு கடைந்தவர். அவர் போட்ட பொருத்தத்தில் காற்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் போகும் என்று பேர் வாங்கியவர்.

"ஆடத்தான் செய்யும், அண்ணாச்சி."

"அதத்தான் கேக்கேன். ஏன் ஆடணும்?"

அவள் சிமிழை வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்தாள். பிள்ளை திறந்தது. மூடியது. திறந்தது.

"கேட்டதுக்குப் பதிலக் காணமே?"

"சொல்லிட்டேன்லா," என்றாள். மறுபடி உளியை எடுத்துக்கொண்டாள்.

அவர் ஒரு சிமிழுக்காகத்தான் வந்திருந்தார். ஐப்பசியில் மகள் வடிவுக்குக் கல்யாணம். செத்துப்போன மனைவியின் தாலியை அழித்து மகளுக்குத் தாலி செய்யச் சொல்லியிருந்தார். அந்தத் தாலி தன் கையால் கடைந்த சிமிழில் மேடைக்கு வர வேண்டும். தானே திறந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது.

சித்திரை வெயிலில் மஞ்சக்கடம்புக் கட்டையை லேத்தில் ஏற்றினார். பதினோரு கட்டை வீணானது. பன்னிரண்டாவது நின்றது.

கைப்பிடி அளவு. சுவர் அப்பளக் கனம். மூடியைத் தூக்கினால் 'டப்' என்று ஒரு சத்தம். தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி இடுக்கில் செருகிப் பார்த்தார். முடி மடங்கியதே தவிர நுழையவில்லை.

"இப்பச் சொல்லு."

இசக்கி திறந்தாள். மூடினாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"மழை வரட்டும். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும், அண்ணாச்சி."

"மழைக்கும் மூடிக்கும் என்னளா சம்பந்தம்?"

"இரும்புக்கு ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். சின்னப் பிள்ளை, பொறாமைப்படுகிறாள். சிமிழைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

தாலி செய்து வந்த அன்றே மஞ்சள் கயிற்றோடு உள்ளே வைத்து மூடினார்.

"அப்பா, ஒரே ஒரு தடவ பாத்துக்கிடட்டா?" என்றாள் வடிவு.

"மேடையில பாத்துக்கிடலாம். அதுவரைக்கும் யாரும் தொடப்பிடாது."

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் கல்யாணம். மண்டபத்துச் சுவரெல்லாம் ஓதம்.

"தாலியை எடுங்க," என்றார் புரோகிதர்.

ஆவுடையப்பன் மூடியைத் திருகினார்.

வரவில்லை.

துண்டைப் போட்டுப் பிடித்துத் திருகினார். மாப்பிள்ளையின் மாமா வாங்கி, பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்தார். "குறடு இருக்கா?" என்றது ஒரு குரல். உள்ளே தாலி கிலுக்கென்றது. கெட்டிமேளத்துக்குக் கை ஓங்கின தவில்காரர் ஓங்கினபடியே இருந்தார்.

ஆவுடையப்பன் சிமிழைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

முன்வரிசையில் இசக்கி. அவள் இடுப்பில் பிள்ளை. பிள்ளை கையில் அந்தப் பழைய சிமிழ். அதே மழைதான். பிள்ளை திறந்தது. மூடியது. திறந்தது.

"டீச்சர்," என்றார். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் மேடையோரம் வந்து சிமிழைத் தொட்டுப் பார்த்தாள்.

"மரம் ஈரத்துல ஊதிக்கிடுச்சு, அண்ணாச்சி. காய்ஞ்சா தானா விடும்."

"எப்பக் காயும்?"

"தை பிறக்கணும்."

"முகூர்த்தத்துக்கு ஆறு நிமிஷந்தான் இருக்கு," என்றார் புரோகிதர்.

"உடைச்சிருங்க, அண்ணாச்சி."

அவர் சிமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மாட்டேன். இதுல மயிரிழை நுழையாது, தெரியும்லா. இத உடைக்க மாட்டேன்."

மண்டபத்துத் தகரக் கூரையில் மழைதான் பேசிக்கொண்டிருந்தது.

வடிவு மணையிலிருந்து எழுந்தாள்.

"கொடுங்கப்பா."

தானும் ஒரு தடவை திருகிப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தார்.

அவள் குனிந்தாள். மிதிப்பதற்காக வைத்திருந்த அம்மிக்கல்லில் ஓங்கி ஒரே அடி.

"மணமேடையிலயா?" என்று அத்தைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஞ்சள் கயிறு அம்மிமேல் விழுந்து கிடந்தது. வடிவு தாலியை எடுத்தாள். மரத்தூளை ஊதினாள். புரோகிதரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

மேளம் இடித்தது.

எல்லோரும் அட்சதை போட்டார்கள். ஆவுடையப்பனின் அட்சதை அவர் இடது கையிலேயே நசுங்கிக் கிடந்தது.

மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கினார். அடி தனியே, சுவர் எட்டுத் துண்டாக. கடைசியாக மூடியை எடுத்தார். சிமிழின் வாய் வளையம் அதைக் கவ்வியபடியே வந்தது. திருகினார். இப்போதும் அசையவில்லை. சுற்றி ஒரு கீறல்கூட இல்லை.

அதை இசக்கியிடம் நீட்டினார்.

"பொருத்தம் விடவே இல்ல, பாத்தீங்களா டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள். "அது ஒண்ணுதான் முழுசா இருக்கு."