கொட்டாங்கச்சிக்குள் எலுமிச்சம்பழம்

“இனி என்னால முடியாதும்மா. வீட்டுக்குப் போகமாட்டேன். இங்கேயே இருந்துடறேன்.”

மூட்டையை மடத்து அடுக்களை வாசலில் இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார் தணிகாசலம். அறுபதைத் தாண்டியவர். மடத்தை நடத்தும் பூங்கோதையம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவருக்கு அந்த அம்மாதான் குரு. துறவு கேட்டு வந்தவர் மாதிரி இல்லை, லீவு கேட்டு வந்தவர் மாதிரி நின்றார்.

அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“உங்க அக்காவை யார் பாத்துக்கறாங்க?”

“பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்தேன். படுத்த படுக்கையா கிடக்கறவங்களை எத்தனை நாள்தான் நான் ஒருத்தனே பாக்கறது? உடம்பு ஓஞ்சுபோச்சு. மனசு அதுக்கு முன்னாடியே ஓஞ்சுபோச்சு.”

“இங்கே என்ன இருக்கு?”

“முதல் தடவை வந்தப்போ உங்க குளத்துப் படியில உக்காந்தேன். மனசு அப்படியே அடங்கிப்போச்சு. அதுக்காகத்தான் திரும்பத் திரும்ப வரேன்.”

“மறுபடியும் கிடைச்சுதா?”

“இல்லை.”

“வேற எங்கேயும்?”

யோசித்தார்.

“போன மாசம் ஒரு நாள். அக்காவுக்கு நகம் வெட்டிவிட்டேன். என் கையைப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க. கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்துச்சு. அதெல்லாம் தியானத்துல சேருமா?”

அம்மா சமையல்காரப் பெண்ணின் பத்து மாத மகன் சேந்தனைத் தூக்கிவந்து உட்காரவைத்தார். அவன் முன்னால் இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்தார்.

இடது பக்கத்துக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை ஒளித்தார். பையன் எடுத்துவிட்டான். திரும்பவும் அதிலேயே ஒளித்தார். எடுத்துவிட்டுக் கைதட்டினான்.

அடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, பழத்தை வலது பக்கத்துக்குள் வைத்தார்.

பையன் இடது பக்கத்தைத் தூக்கினான். காலி. கவிழ்த்துவிட்டு மறுபடியும் அதையே தூக்கினான்.

அத்தனை அலுப்பிலும் தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது.

“என்னம்மா இவன்!”

“முன்னெல்லாம் மூடினாலே பழம் போயிடுச்சுன்னு அழுவான். இப்பத்தான் தேடவே பழகியிருக்கான். இன்னும் கொஞ்ச நாளாகும்.”

பையன் அதே கொட்டாங்கச்சியை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

“அதுல இல்லடா தம்பி! இந்தப் பக்கம் வச்சதை நீயே உன் கண்ணால பாத்தியே…”

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா தலை நிமிராமல் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் வலது பக்கத்தைத் தூக்கி, பழத்தைப் பையன் கையில் கொடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சாப்பிட்டுட்டுப் போகலாமே, ஐயா.”

“வேணாம்மா. அக்காவுக்கு நகம் வளர்ந்திருக்கும்.”